மகள் பள்ளி வாலிபால் டீமில் இருந்து விலகணும் என்கிறாள். விடலாமா, பிடித்து வைக்கலாமா?

#1 எல்லைக்கோட்டு அப்பா

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு 13 வயசு, எட்டாம் வகுப்பு. போன வருஷம் பள்ளி டீமில் எடுத்தார்கள். காலையில் வகுப்புக்கு முன்னால் ஒரு மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பயிற்சி. முதலில் அலாரம் அடிக்கும் முன்னாடியே எழுந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டு நிற்பாள். இப்போது கொஞ்ச நாளாக "நான் நின்னுடறேன்பா" என்கிறாள். ஏன் என்று கேட்டால் "சும்மாதான்", "போரடிக்குது". அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை.

முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்றும் சொல்கிறாள். படி இறங்கும்போது லேசாக நொண்டுகிறாள். பயிற்சியாளரிடம் கேட்டேன். "வளர்ற வயசு சார், எல்லாப் பிள்ளைக்கும் வரும், தானா போயிடும்" என்றார். மேட்ச்களில் பெரும்பாலும் வெளியே பெஞ்சில்தான் இருக்கிறாள்.

படிப்புக்காக நிறுத்துகிற ஆள் இல்லை நான். இப்போது விட்டால் எந்த விளையாட்டுக்கும் திரும்ப மாட்டாளோ என்று ஒரு பயம். இழுத்துப் பிடித்தால் ஒரேயடியாக வெறுத்துவிடுவாளோ என்று இன்னொரு பயம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 நேர்கோடு

விடாதீங்க. கஷ்டம் வந்ததும் கழண்டுக்கிற பழக்கம் இந்த வயசுலதான் ஒட்டும். இந்த சீசன் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்லுங்க. பெஞ்ச்ல உட்கார்றதும் ஒரு பயிற்சிதான்.

#3 பிசியோ அக்கா

பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் 13 வயசு, குதிக்கிற விளையாட்டு, முட்டிக்குக் கீழே வலி, படி இறங்கும்போது நொண்டல் என்று படித்ததும் ஆஸ்குட்–ஷ்லாட்டர் என்கிற வளர்ற வயசு முட்டிக் கோளாறுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அவளை உட்கார வைத்து, முட்டிச்சில்லுக்கு இரண்டு விரல் கீழே முன்னெலும்பில் இருக்கும் மேட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். "ஆ" என்று காலை இழுத்துக்கொண்டால் இடம் அதுதான். அடுத்த காலோடு ஒப்பிட்டால் மேடு கொஞ்சம் தூக்கலாகவும் தெரியலாம்.

தொடையின் முன்பக்கத் தசை முட்டிச்சில்லைத் தாண்டி வந்து அந்த மேட்டில்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு அந்த இடம் இன்னும் முழு எலும்பாகியிருக்காது, குருத்தெலும்பு. குதித்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் தசை அதைச் சுண்டி இழுக்கிறது. விறுவிறுவென்று உயரம் போடும் மாதங்களில் எலும்பு முந்திக்கொண்டு நீளும், தசை இறுக்கமாக நிற்கும், இழுப்பு இன்னும் கூடும். பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 10 முதல் 13 வயசுக்குள் வரும், பையன்களுக்கு ஒன்றிரண்டு வருஷம் தள்ளி. 1903லேயே எழுதி வைத்த விஷயம், புதுசு ஒன்றும் இல்லை.

பயிற்சியாளர் சொன்னது பாதி சரி. வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் போய்விடும். ஆனால் அதற்கு ஒன்றிரண்டு வருஷம்கூட ஆகலாம். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு குதி என்பது வைத்தியம் ஆகாது. அதற்காக முழுக்க நிறுத்தவும் தேவையில்லை. குதிக்கும் எண்ணிக்கையைப் பாதியாக்கணும். பயிற்சி முடிந்ததும் ஐஸ், தொடைத் தசைக்கு நீட்டல், கொஞ்சம் கொஞ்சமாக வலுப்படுத்தும் பயிற்சி. வலி பத்துக்கு மூணுக்குள் இருந்து, மறுநாள் காலையிலும் ஏறாமல் இருந்தால் விளையாடலாம். அதைத் தாண்டினால் அன்றைக்கு சர்வீஸ், அண்டர்ஆர்ம் பாஸ் மட்டும்.

ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற வலி, முட்டி முழுக்க வீக்கம், மடக்க முடியாமல் பூட்டிக்கொள்வது, காய்ச்சல், இதில் எது இருந்தாலும் உடனே எலும்பு மருத்துவர். முட்டி வலி என்று வந்து கடைசியில் இடுப்பு மூட்டில் கோளாறு இருந்த பிள்ளைகளும் உண்டு. நொண்டுகிறாள் என்பதால் எப்படியும் ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள்.

#4 எல்லைக்கோட்டு அப்பா

அழுத்திப் பார்த்தேன். வலது காலில் அதே இடம், தொடவே விடவில்லை. நாளைக்கே டாக்டரிடம் நேரம் வாங்குகிறேன். ரொம்ப நன்றி அக்கா.

#5 விசில்

நான் உடற்கல்வி ஆசிரியர். பயிற்சியாளரை எல்லாரும் சேர்ந்து வில்லனாக்குறதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்துக் கதையையும் கேளுங்க.

மைதானத்துக்கு வர்ற பிள்ளைங்க நாப்பது அம்பது. வலை ஒண்ணு. காத்து இறங்காத பந்து நாலு இருந்தா அதிர்ஷ்டம். அதுல பன்னெண்டு பேரை டீமுக்கு எடுக்கணும், உள்ளே ஆறு பேர்தான் நிக்க முடியும். கோப்பை வந்தா அது ஹெச்.எம். ரூம் அலமாரிக்குப் போகும். வரலைன்னா "பி.டி. சார் என்னதான் பண்றாரு?" இத்தனை வருஷ சர்வீஸ்ல, "இந்த வருஷம் எத்தனை பிள்ளைங்க விளையாடுனாங்க?"ன்னு என்னை யாரும் கேட்டதே இல்லை. எத்தனை கோப்பைன்னு மட்டும்தான் கேட்டிருக்காங்க.

அதனால 22–22ல செட் நிக்கிறப்ப பெஞ்ச்ல இருக்கிற சின்னப் பொண்ணை இறக்குறதுக்குக் கை வராது. அது தப்புன்னு எனக்கும் தெரியும். ஆனா அது அந்த ஒரு ஆளோட குணம் மட்டும் இல்லைங்க, மேலே இருந்து என்ன கேக்குறாங்களோ அதுதான் கீழே நடக்கும்.

முட்டி விஷயத்துல பிசியோ மேடம் சொன்னதை அப்படியே ஒரு தாள்ல எழுதி டாக்டர் கையெழுத்தோட கொடுங்க. வாய்ல சொன்னா மறந்துடுவோம், தாள் இருந்தா எங்களுக்கும் பாதுகாப்பு.

#6 கூட்டல்கழித்தல்

கணக்கு போட்டுப் பார்த்தேன். காலையும் மாலையும் சேர்த்து இரண்டரை மணி, ஐந்து நாளுக்குப் பன்னிரண்டரை. சனிக்கிழமை இரண்டு. மொத்தம் 14.5 மணி நேரம். இதுபோக மேட்ச் நாட்கள்.

அமெரிக்காவின் தேசிய அத்லெட்டிக் டிரெய்னர்கள் சங்கம் 2019இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒழுங்குபடுத்தப்பட்ட விளையாட்டு வேண்டாம், ஒரே விளையாட்டை வருஷத்தில் 8 மாதத்துக்கு மேல் ஆட வைக்க வேண்டாம், வாரத்தில் 2 நாள் முழு ஓய்வு. 13 வயசுக்கு 13 மணி நேரம்தான் உச்சம். உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள், ஓய்வு நாளும் ஒன்றுதான்.

இன்னொரு கேள்வி. மகள் எந்த மாதம் பிறந்தாள்? 14 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் வயதைக் கணக்கிடும் தேதிக்கு முன்னாலா, பின்னாலா?

#7 எல்லைக்கோட்டு அப்பா

தேதிக்கு ஒரு வாரம் முன்னால், அதாவது அந்தப் பிரிவின் வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது பிறந்தவள். அதனால் அந்தப் பிரிவில் இருப்பவர்களிலேயே இளையவள் இவள்தான். டீமில் சில பிள்ளைகள் இவளை விட ஒரு தலை உயரம். ஏன் கேட்கிறீர்கள்?

#8 கூட்டல்கழித்தல்

அதற்காகத்தான் கேட்டேன். 1985இல் கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்கும். வருஷத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்து கிடந்தார்கள், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் சொற்பம். டிசம்பரில் பிறந்தால் திறமை குறையுமா என்ன? எட்டு வயசில் பதினோரு மாத வித்தியாசம் என்பது உயரத்திலும் எடையிலும் கண்ணுக்குத் தெரியும். பெரிய பிள்ளையைத் "திறமைசாலி" என்று எடுக்கிறார்கள், அவனுக்கு நல்ல பயிற்சி, நிறைய ஆட்டம் கிடைக்கிறது. மூணு வருஷத்தில் அவன் நிஜமாகவே திறமைசாலி ஆகிவிடுகிறான். சின்னவன் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பான். அதற்குப் பிறகு கால்பந்து உட்பட பல விளையாட்டுகளில் இதே சாய்வைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

உங்கள் மகள் இளையவளாக இருந்தும் டீமுக்குள் வந்திருக்கிறாள். பெஞ்சில் இருப்பதை வைத்து அவள் ஆட்டத்தை எடை போடாதீர்கள். காலண்டர் அவளுக்கு எதிராக ஆடுகிறது.

#9 கடைசிபெஞ்ச்

நான் வேற ஊர்க்காரன் மாதிரி இந்த இழையைப் படிச்சிட்டு இருக்கேன். டீம்ல எடுத்தும் உட்கார வைக்கிறாங்கன்றது உங்க கவலை. எங்களை எல்லாம் யாரும் எண்ணிக்கையிலேயே சேர்த்ததில்லை.

பி.டி. பீரியட்னா இதுதான் நடக்கும். நல்லா விளையாடுற ரெண்டு பேர் கேப்டன். மாத்தி மாத்திப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. கடைசில நானும் கண்ணாடி போட்ட இன்னொருத்தனும் நிப்போம். "சரி, நீ அவனை வச்சுக்கோ, எங்களுக்கு சர்வீஸ் குடு"ன்னு பேரம் வேற. அப்புறம் அந்த பீப் டெஸ்ட். 20 மீட்டர் இங்கிருந்து அங்க, பீப் சத்தம் வர்றதுக்குள்ள போய்ச் சேரணும், ஒவ்வொரு நிமிஷமும் வேகம் ஏறும். நான்தான் முதல்ல அவுட். அவுட் ஆனவன் சுவரோரமா நின்னு மத்தவன் ஓடறதைக் கடைசி வரைக்கும் வேடிக்கை பார்க்கணும். ஓட்டம் யாருக்குத் தேவையோ அவன்தான் கம்மியா ஓடுறான். இதை யோசிச்சவங்க யாரு?

இப்போ காலேஜ். தினமும் காலைல தனியா ஓடுறேன். பிடிச்சிருக்கு. ஸ்கூல்ல அது எனக்குப் பிடிக்கும்னு கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லாம பண்ணிட்டாங்க.

#10 கூட்டல்கழித்தல்

@கடைசிபெஞ்ச் யோசித்தவர் பெயர் லுக் லெஜே, மான்ட்ரியல் பல்கலைக்கழகம், 1982. மணிக்கு 8.5 கி.மீ.யில் தொடங்கி நிமிஷத்துக்கு அரை கி.மீ. ஏறும். அவரைத் திட்ட வேண்டாம். நுரையீரல், இதயத் திறனை ஒரே நேரத்தில் பல பேரிடம் அளப்பதற்கு இதை விட மலிவான வழி இல்லை. அளவுகோலை எடுத்து எல்லார் முன்னாலும் போட்டியாக மாற்றியது பள்ளிகள்தான்.

நீங்கள் கேட்பதற்கு மறுமுனையில் ஒரு உதாரணம் உண்டு. ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் நகரத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் 2012இல் ஆரம்பித்தது. தினமும் 15 நிமிஷம், எல்லாப் பிள்ளையும், போட்டிருக்கிற உடையோடு வெளியே போய் ஓடலாம், நடக்கலாம். நேரம் குறிப்பதில்லை, முதலாவது கடைசி இல்லை. பிறகு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பள்ளிகள் எடுத்துக்கொண்டன. அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிஷம் கேட்கிறது, அதில் வாரத்துக்கு 3 நாளாவது மூச்சிரைக்கிற மாதிரி, எலும்பும் தசையும் வலுவாகிற மாதிரி. ஆனால் ஒன்றுமே இல்லாத இடத்தில் 15 நிமிஷம் பெரிய விஷயம். 2016 நிலவரப்படி உலகத்தில் 11–17 வயது மாணவர்களில் 81 சதவீதம் பேர் அந்த 60 நிமிஷத்தைத் தொடவில்லை. பெண் பிள்ளைகளில் 85, பையன்களில் 78.

#11 நேர்கோடு

மனசு நோகும்னு எல்லாத்தையும் எடுத்துட்டா அப்புறம் என்ன விளையாட்டு? மார்க் வேண்டாம், முதல் பரிசு வேண்டாம், தேர்வு வேண்டாம். வெளி உலகம் இப்படியா இருக்கு? பாஸ்கெட்பால் மைக்கேல் ஜோர்டானையே ஸ்கூல் டீம்ல எடுக்கலை. அவர் வீட்ல உட்கார்ந்து அழுதாரா?

#12 கூட்டல்கழித்தல்

அழுதார். அவரே சொல்லியிருக்கிறார்.

அந்தக் கதையையும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் பாதியோடு நிறுத்துகிறார்கள். 1978, ஜோர்டானுக்கு 15 வயசு, உயரம் 5 அடி 10 அங்குலம். மூத்தவர்கள் டீமுக்கு அவர் வயசுப் பையன் ஒருவனை எடுத்தார்கள், காரணம் அவன் 6 அடி 7 அங்குலம். ஜோர்டானை வீட்டுக்கு அனுப்பவில்லை. இளையோர் டீமில் போட்டார்கள். அங்கே முழு ஆட்டமும் ஆடினார், பாயின்ட் குவித்தார், அப்புறம் வளர்ந்தார், அடுத்த வருஷம் மூத்தவர்கள் டீமில். பெரிய டீம் பெஞ்சில் உட்கார்ந்து ஜோர்டான் உருவாகவில்லை, சின்ன டீமில் ஆடி உருவானார். உங்கள் உதாரணம் உங்கள் கட்சிக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

#13 விசில்

கூட்டல் சார் சொன்னதுதான் என் அனுபவமும். "பி" டீம்னு ஒண்ணு வச்சேன். ஆரம்பத்துல பெத்தவங்க சண்டைக்கு வந்தாங்க, என் பிள்ளையை எப்படி "பி"ல போடலாம்னு. பேரை மாத்தி சிவப்பு, நீலம்னு வச்சேன், சண்டை நின்னுடுச்சு. அப்புறம் நாலு பேர் ஆட்டம். கோர்ட்டைச் சின்னதாக்கி, வலையைக் கீழே இறக்கி. ஆறு பேர் ஆட்டத்துல ஓரத்துல நிக்கிற பிள்ளை அஞ்சு பாயின்ட் வரைக்கும் பந்தைத் தொடாமலே நிக்கும். நாலு பேர்ல ஒளிய முடியாது. பயந்த பிள்ளைகூட ரெண்டு வாரத்துல "மைன்! மைன்!"னு கத்த ஆரம்பிச்சுடும்.

@கடைசிபெஞ்ச் தம்பி, கேப்டன் ஆள் எடுக்கிற வழக்கத்தை நான் நிறுத்திட்டேன். ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு நம்பர் சொல்லச் சொல்லி டீம் பிரிச்சா அரை நிமிஷம்தான் ஆகும்.

#14 இரட்டைவால்

கிரிக்கெட்டைத் தவிர எல்லாம் பேசுறீங்க. கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆள் தண்ணி தூக்கிட்டுப் போறதைப் பத்தி ஒரு தனிப் புராணமே பாடலாம்.

#15 நெறியாளர்

கிரிக்கெட்டுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே போய்ப் பாடவும். இங்கே தொடக்கக் கேள்வியைச் சுற்றிப் பேசுவோம்.

#16 மழைக்காலம்

ஒரு அம்மாவாக, பள்ளியிலும் கல்லூரியிலும் ஹேண்ட்பால் ஆடியவளாக எழுதுகிறேன். இவ்வளவு பேர் பேசியும் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை.

அண்ணா, டீம் டிரவுசர் என்ன நிறம்?

13 வயசுப் பெண் அப்பாவிடம் "சும்மாதான்" என்றால் அது சும்மா இல்லை. மாதவிடாய் தொடங்கி ஒழுங்குக்கு வராத வயசு. எந்த நாளில் வரும் என்று அவளுக்கே தெரியாது. வெளிர் நிற டிரவுசர், குனிந்து பந்தெடுக்கிற ஆட்டம், சுற்றிலும் பையன்கள், உடை மாற்ற ஒழுங்கான அறை கிடையாது. என்னோடு ஆடியவர்களில் பாதிப் பேர் எட்டாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவில் காணாமல் போனார்கள். ஒருத்தரும் காரணம் சொல்லவில்லை. எல்லாரும் "போரடிக்குது" என்றுதான் சொன்னார்கள்.

இது பள்ளிப் பிள்ளைகளின் கூச்சம் மட்டும் என்று நினைக்காதீர்கள். விம்பிள்டனில் வெள்ளையைத் தவிர வேறு நிறம் கூடாது என்று அத்தனை காலம் கறாராக இருந்தவர்கள் 2023இல்தான் பெண்களுக்கு அடர் நிற உள் டிரவுசர் போட அனுமதி கொடுத்தார்கள், அதுவும் மேலே இருப்பதை விட நீளமாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. அதே வருஷம் இங்கிலாந்து பெண்கள் கால்பந்து அணி வெள்ளை டிரவுசரை விட்டு நீலத்துக்கு மாறியது. உலகத்திலேயே பெரிய மைதானங்களில் ஆடுகிறவர்களுக்கே அது பிரச்சினையாக இருந்திருக்கிறது.

நீங்கள் கேட்டால் சொல்ல மாட்டாள். அவள் அம்மாவோ சித்தியோ அத்தையோ கேட்கட்டும். "டீமை விட்டு ஏன் போறே?" என்று கேட்காமல், "அந்த நாள்ல பயிற்சிக்கு எப்படிம்மா சமாளிக்கிறே?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

#17 விசில்

மேடம், வெளிப்படையாச் சொல்றேன், இதைப் பத்தி எங்ககிட்ட யாரும் பேசுறதே இல்லை. பொண்ணு "வயிறு வலிக்குது சார்"னா போய் உட்காருன்னு சொல்லிடுவேன், அதோட முடிஞ்சுது. பெண் உடற்கல்வி ஆசிரியை இருக்கிற பள்ளியில நிலைமை வேற. இல்லாத இடத்துல நாங்களே என்ன பண்ணலாம்?

#18 மழைக்காலம்

முதலில் நிறம். அடுத்த தடவை ஜெர்சி தைக்கக் கொடுக்கும்போது கறுப்பு அல்லது கருநீல டிரவுசர். இரண்டாவது, பூட்டு போட்ட அறை ஒன்று, உள்ளே தண்ணீர், குப்பைக்கூடை, ஒரு டப்பா நாப்கின். கேட்டு வாங்குகிற மாதிரி ஆசிரியர் மேசையில் வைக்காதீர்கள், அறைக்குள்ளேயே இருக்கட்டும். மூன்றாவது, மூத்த பிள்ளை ஒருத்தியைப் பொறுப்பாக்குங்கள். "அக்காகிட்ட சொல்லிட்டேன் சார்" என்றால் அதற்கு மேல் கேள்வி கேட்காதீர்கள். "வயிறு வலி" என்றதும் உட்கார வைத்துவிடவும் வேண்டாம். அந்த நாட்களில் ஆடக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. பலருக்கு ஆடினால் வலி குறையும். எது வேண்டும் என்று அவளே சொல்லட்டும்.

#19 பிசியோ அக்கா

மழைக்காலம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அளவுக்கு மீறிய உதிரப்போக்கு, எப்போதும் சோர்வு, முன்பு ஓடிய தூரம் ஓட முடியவில்லை என்றால் இரும்புச்சத்து குறைவா என்று ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். சோம்பேறி என்று திட்டு வாங்கிய எத்தனையோ பிள்ளைகளுக்கு ரத்தசோகைதான் இருந்திருக்கிறது.

முட்டிக்குப் பொதுவாக ஒன்று. ஃபிஃபாவின் 11+ என்று ஒரு வார்ம்-அப் முறை இருக்கிறது, இருபது நிமிஷம். ஓட்டம், ஒற்றைக்காலில் சமநிலை, குதித்து மெத்தென்று இறங்குவது. நார்வேயில் 13–17 வயதுப் பெண் கால்பந்து வீராங்கனைகளிடம் சோதித்து 2008இல் முடிவு வெளியானது. கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. வாலிபாலுக்கும் அந்தக் குதித்து இறங்கும் பகுதி அப்படியே பொருந்தும். முட்டி இரண்டும் உள்பக்கம் மடியாமல், பாதத்துக்கு நேராக வருகிறதா என்று மட்டும் பயிற்சியாளர் பார்த்தால் போதும். செலவு இல்லை.

#20 அமைதிப்பூங்கா

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். பையனுக்கு ஓடினால் வீசிங் வருகிறது. பி.டி.க்கு விலக்குக் கடிதம் கொடுத்துவிடலாமா?

#21 பிசியோ அக்கா

முதலில் மருத்துவர், கடிதம் அப்புறம். ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால் விளையாட்டு நல்லது. மெதுவாக நீண்ட வார்ம்-அப், மருத்துவர் சொன்னால் ஆட்டத்துக்கு முன் இன்ஹேலர், வீசிங் வந்ததும் எடுக்கிற நீல இன்ஹேலர் பையில் தூங்காமல் மைதானத்தில் ஆசிரியர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கணும். மாரத்தான் வீராங்கனை பௌலா ராட்கிளிஃப்புக்கு சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமா. 2003இல் லண்டன் மாரத்தானில் அவர் ஓடிய 2 மணி 15 நிமிடம் 25 விநாடியை 2019 வரை எந்தப் பெண்ணாலும் முறியடிக்க முடியவில்லை.

#22 எல்லைக்கோட்டு அப்பா

கொஞ்ச நாள் ஆகிவிட்டது, வந்து சொல்கிறேன்.

டாக்டர் ஆஸ்குட்–ஷ்லாட்டர் என்றே சொன்னார். இடுப்பையும் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. குதிப்பைக் குறைக்கச் சொல்லித் தாளில் எழுதிக் கொடுத்தார், பள்ளியில் கொடுத்துவிட்டேன்.

மழைக்காலம் அம்மா, டிரவுசர் வெள்ளை. என் மனைவியின் தங்கை வந்திருந்தபோது நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டாள். அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். ஒருமுறை மேட்ச் அன்று கறை பட்டிருக்கிறது. அடுத்த டீம் பிள்ளைகள் சிரித்தார்களாம். மீதி ஆட்டம் முழுக்க இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் இருந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் பயிற்சியாளர் அவளை உள்ளே இறக்கக் கூப்பிட்டிருக்கிறார், இவள் கால் வலி என்று சொல்லி எழவில்லை. அதற்கப்புறம் அவரும் கூப்பிடவில்லை. அதாவது பெஞ்ச், முட்டி, டிரவுசர் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்திருக்கிறது.

பள்ளியில் பேசினோம். பயிற்சியாளர் நல்ல மனுஷன், விஷயம் கேட்டதும் அவருக்கே முகம் வாடிவிட்டது. ஆனால் அலுவலகத்தில், ஜெர்சி இந்த வருஷத்துக்கு வாங்கியாகிவிட்டது, அடுத்த வருஷம்தான் மாற்ற முடியும் என்றார்கள். அதுவரை என்ன செய்வது?

இன்னொன்று. அவள் இன்னும் "திரும்பப் போறேன்" என்று சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்கிறாள்.

#23 நேர்கோடு

இந்த டிரவுசர் விஷயம் எனக்குத் தோணவே இல்லை, சரி. இருந்தாலும் பொதுவா ஒரு சீசனைப் பாதில விடக்கூடாதுன்னு சொன்னதை நான் மாத்திக்கல. கூட ஆடுற பதினோரு பேருக்கும் ஒரு கடமை இருக்குல்ல? நாளைக்கு எல்லாரும் ஒவ்வொரு காரணம் சொல்லிப் போனா டீம் எங்க இருக்கும்?

#24 மழைக்காலம்

@நேர்கோடு அந்தப் பதினோரு பேரும் அதே வெள்ளை டிரவுசரில்தான் நிற்கிறார்கள். கடமையைப் பற்றிப் பேசுவதென்றால் பள்ளியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

@எல்லைக்கோட்டு அப்பா அடர் நிற சைக்கிளிங் ஷார்ட்ஸ் ஒன்றை உள்ளே போடச் சொல்லுங்கள். டீம் முழுக்க ஒரே மாதிரி போட்டால் அவள் மட்டும் தனியாகத் தெரிய மாட்டாள்.

#25 கூட்டல்கழித்தல்

@நேர்கோடு கட்டாயப்படுத்தினால்தான் வீரர்கள் உருவாவார்கள் என்பதற்கு மறுப்பாக நார்வேயைப் பாருங்கள். அங்கே விளையாட்டுக் கூட்டமைப்பு 1987லேயே குழந்தைகளுக்கான விதிகள் போட்டது, 2007இல் திருத்தியது. 11 வயசுக்குக் கீழே தரவரிசைப் பட்டியல் கிடையாது, 13 வயசுக்கு முன்னால் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. எந்த விளையாட்டு, எவ்வளவு பயிற்சி என்பதில் பிள்ளைக்கும் குரல் உண்டு. மக்கள்தொகை ஏறக்குறைய 55 லட்சம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம், பட்டியலில் முதலிடம். விதிகளால்தான் தங்கம் வந்தது என்று சொல்ல மாட்டேன், பனியும் பணமும் அங்கே நிறைய. விதிகள் தங்கத்தைத் தடுக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

#26 கடைசிபெஞ்ச்

நேர்கோடு அண்ணே, ஒரு கேள்வி. நீங்க ஸ்கூல்ல என்ன விளையாண்டீங்க?

#27 நேர்கோடு

கபடி. கேப்டன். ஏன்?

#28 கடைசிபெஞ்ச்

ஒண்ணும் இல்லண்ணே. நினைச்சேன்.

#29 விசில்

அப்பா சார், நடைமுறையா சில விஷயம்.

உள் ஷார்ட்ஸ் பத்தி: டோர்னமென்ட் நடத்துறவங்களுக்கு முன்கூட்டியே பள்ளி லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் அனுப்பச் சொல்லுங்க, பெண்கள் அணி முழுக்க ஒரே நிறத்துல உள் ஷார்ட்ஸ் போடுறாங்கன்னு. மேட்ச் அன்னைக்குக் கோர்ட்ல நின்னு ரெஃப்ரிகிட்ட வாதாடுற மாதிரி வச்சுக்காதீங்க, பிள்ளைங்க முன்னாடி மறுபடியும் அதே பேச்சு ஓடும். கடிதத்துல காரணம் விளக்க வேண்டாம்.

பொண்ணு "பார்க்கலாம்"னு சொன்னா அது கதவைச் சாத்துனது இல்லை. டீம்ல பேர் இருக்கட்டும், காலைப் பயிற்சியை மட்டும் ரத்து பண்ணச் சொல்லுங்க. மணிக்கணக்கும் குறையும், முட்டிக்கும் ஓய்வு. மாலையில வந்து செட்டிங், அதாவது அடிக்கிறவங்களுக்குப் பந்தைத் தூக்கிக் குடுக்கிறதைப் பழகட்டும். ஆட்டத்துல செட்டர்தான் மூளை, தரையில நின்னே விரல் நுனியில மணிக்கணக்கா பழகலாம், குதிக்கவே வேண்டாம். உயரம் குறைஞ்ச பிள்ளைக்கு அது ஏத்த இடம். லிபரோவும் இருக்கு, பின்வரிசையில மட்டும் ஆடலாம், ஆனா அதுல முட்டியை மடக்கிக் கீழே விழணும், இப்போதைக்கு வேண்டாம்.

வாரத்துல ஒரு நாள் நாலு பேர் ஆட்டம் வைக்க முடியுமான்னு அந்தப் பயிற்சியாளரைக் கேளுங்க. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம், எங்க ஆளுங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி. "பார்க்கணும்னு ஆசையா இருக்கு சார்"னு கேளுங்க, வச்சுடுவாரு.

#30 எல்லைக்கோட்டு அப்பா

செட்டர் என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "அப்போ மத்தவங்க எங்க அடிக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேனா?" ஆமாம் என்றேன். திங்கள் மாலை போய் வேடிக்கை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். கடிதத்தை இன்று தட்டச்சு செய்து கொடுக்கிறேன். ஷார்ட்ஸுக்குப் பன்னிரண்டு பேரின் அளவையும் சித்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

#31 அமைதிப்பூங்கா

விசில் சார், என் பையனுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். மருத்துவர் ஓடலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் டீம் எல்லாம் ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்டார்களாம்.

#32 விசில்

டீம் எடுத்து முடிச்சாச்சுன்னா மேட்ச்சுக்குத்தான், மைதானத்துக்கு இல்லை. நேரா போய் "பயிற்சிக்கு மட்டும் வரட்டுமா?"ன்னு கேக்கச் சொல்லுங்க. பந்து பொறுக்கவாவது ஆள் வேணும்னு சேர்த்துக்குவாங்க. இன்ஹேலரை மறக்க வேண்டாம். எந்த விளையாட்டுன்னு சொல்லுங்க, தனி இழை போடுங்க, அங்க எழுதறேன்.